ஒரே லிங்க், இரண்டு அர்த்தம்: இணைய முகவரியை உங்கள் போன் எப்படிப் படிக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சித்தி மகள் போன் செய்தாள். குரலில் ஒரே பதற்றம்.

"அக்கா, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் போட இன்னைக்குத்தான் கடைசி நாள். குரூப்ல வந்த லிங்க்கைத் தொட்டா ஒண்ணுமே ஆகல. நீலக் கலர்ல கூட மாறல."

அந்தச் செய்தியை எனக்கு அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் விஷயம் புரிந்தது. அறிவிப்பைத் தட்டச்சு செய்தவர் எச்டிடிபிஎஸ்:// என்பதற்குப் பதிலாக எச்டிடிபிஎஸ்:\\ என்று அடித்திருந்தார். கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டன. முகவரியில் தளத்தின் பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, "அதை அப்படியே காப்பி பண்ணி பிரவுசர்ல பேஸ்ட் பண்ணு" என்றேன். திறந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்குள் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது.

"என்னக்கா பண்ணின?" என்று கேட்டாள். உண்மையில் நான் ஒன்றுமே பண்ணவில்லை. பிரவுசர்தான் சத்தமில்லாமல் தவறைத் திருத்திக்கொண்டது. மெசேஜ் ஆப்புக்கு அது லிங்க்காகவே தெரியவில்லை.

ஒரே வரி. ஒரு மென்பொருள் திறக்கிறது, இன்னொன்று கைவிரிக்கிறது. அன்று இதனால் போனது அரை மணி நேரம் மட்டும்தான். ஆனால் இதே வேறுபாட்டை வைத்து மோசடிக்காரர்கள் பணம் பறிக்கவும், பெரிய நிறுவனங்களின் சர்வருக்குள் நுழையவும் முடியும். அது எப்படி? வாங்க, பார்க்கலாம்.

முகவரிக்குள் என்ன இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் படிக்க வசதியாக முகவரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். கீழே இருப்பது ஒரு கற்பனை முகவரி:

எச்டிடிபிஎஸ்://சேவை.டிஎன்.கவ்.இன்/பட்டா?ஊர்=12#கட்டணம்

இதில் ஐந்து பகுதிகள் உள்ளன. 'எச்டிடிபிஎஸ்' என்பது எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்கிறது. 'சேவை.டிஎன்.கவ்.இன்' என்பது எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்பது. '/பட்டா' அந்தத் தளத்தில் எந்தப் பக்கம் என்பது. '?ஊர்=12' அந்தப் பக்கத்திடம் நாம் கேட்கும் கேள்வி. '#கட்டணம்' அந்தப் பக்கத்தில் எந்த இடம் என்பது.

நீங்கள் லிங்க்கைத் தொட்டதும், உங்கள் போன் முதலில் செய்யும் வேலை இந்த ஐந்தையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான். அப்படிப் பிரித்துப் படிக்கும் நிரலுக்குப் பெயர் 'பார்சர்'. (அவசரத்தில் 'பார்சல்' என்று படித்துவிடாதீர்கள்!) ஆப் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் இதைப் புதிதாக எழுதுவதில்லை. ஏற்கெனவே யாரோ எழுதி, பலரும் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பை எடுத்துக்கொள்வார்கள். அதைத்தான் 'லைப்ரரி' என்கிறார்கள். உங்கள் போனில் 50 ஆப் இருந்தால், முகவரி படிக்கும் லைப்ரரிகளும் பல இருக்கலாம். எல்லாம் ஒரே மாதிரி படிக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

விதி ஒன்று, பழக்கம் வேறு

இணைய முகவரிக்கு விதிமுறை இல்லையா? இருக்கிறது. இணையத்துக்கான தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு, 1994 டிசம்பரில் ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணத்தை வெளியிட்டது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ அதை எழுதியவர்களில் ஒருவர். பல திருத்தங்களுக்குப் பிறகு 2005 ஜனவரியில் ஆர்எஃப்சி 3986 வந்தது. எந்தக் குறி எங்கே வரலாம், எது வரவே கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. நம் அறிவிப்பில் இருந்த பின்சாய்கோட்டுக்கு, அதாவது \ குறிக்கு, அந்த இலக்கணத்தில் இடமே இல்லை. இடைவெளிக்கும் இடமில்லை.

ஆனால் 1990-களில் வலைப்பக்கங்களைப் பலரும் கையாலேயே தட்டச்சு செய்தார்கள். விண்டோஸ் கணினியில் கோப்புறைகளைப் பிரிக்க \ குறிதான் பயன்படும். அந்தப் பழக்கத்தில் முகவரியிலும் அதையே அடித்தார்கள். சிலர் இரண்டு சாய்கோட்டுக்குப் பதில் மூன்று போட்டார்கள், சிலர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். முகவரியின் நடுவே வரி உடைந்தது, இடைவெளி விழுந்தது.

சொல்லப்போனால், அந்த இரட்டைச் சாய்கோடு தேவையே இருந்திருக்கவில்லை என்று பெர்னர்ஸ் லீயே 2009-ல் ஒப்புக்கொண்டார்!

இப்போது பிரவுசர் தயாரிப்பாளரின் நிலையை யோசித்துப் பாருங்கள். "விதிப்படி இது தவறு" என்று ஒரு பிரவுசர் கதவை மூடுகிறது. பக்கத்தில் இன்னொரு பிரவுசர் அதே லிங்க்கைத் திறந்துவிடுகிறது. மக்கள் எதை வைத்துக்கொள்வார்கள்? திறக்கும் பிரவுசரைத்தானே! அதனால் எல்லா பிரவுசர்களும் விட்டுக்கொடுக்கப் பழகின. இதற்கு ஒரு கொள்கையும் துணை நின்றது. இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-லேயே எழுதியது அது: நீ அனுப்புவதில் கண்டிப்பாக இரு, அடுத்தவர் அனுப்புவதை ஏற்பதில் தாராளமாக இரு.

நம் ஊர் தபால்காரரும் இப்படித்தானே! கதவு எண் இல்லாமல் 'மாரியம்மன் கோயில் பக்கத்து வீடு' என்று எழுதினாலும் கடிதம் வந்து சேரும். நல்ல விஷயம்தான்.

தாராளத்தில் என்ன ஆபத்து?

சிக்கல் எங்கே என்றால், எல்லோரும் தாராளமாக இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி தாராளமாக இருந்தார்கள். ஒரே உறையை இரண்டு தபால்காரர்கள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று "இது நம்பகமான வீடுதான்" என்று சரிபார்ப்பவர் ஒருவர். கடிதத்தை எடுத்துப் போய்க் கொடுப்பவர் இன்னொருவர். இருவரும் வெவ்வேறு வீடாகப் படித்தால்?

இந்தக் கற்பனை முகவரியைப் பாருங்கள்:

எச்டிடிபிஎஸ்://மோசடிதளம்.காம்\@அரசுதளம்.கவ்.இன்

முகவரியில் @ குறிக்கு முன்னால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எழுதலாம் என்பது பழைய ஏற்பாடு. விதியில் இல்லாத \ குறியைக் கண்டும் நிறுத்தாமல் தொடரும் சில லைப்ரரிகள், @ குறிக்கு முன்னால் இருப்பது முழுவதும் பயனர் பெயர், தளம் 'அரசுதளம்.கவ்.இன்' என்று முடிவு செய்கின்றன. பிரவுசரோ \ குறியை / என்று திருத்திக்கொள்ளும். அதன் கணக்கில் தளத்தின் பெயர் அங்கேயே முடிந்துவிடுகிறது. எனவே அது நேராக 'மோசடிதளம்.காம்' போகும். சரிபார்த்த லைப்ரரி "அரசுத் தளம், அனுமதி" என்று சொல்லிவிட்டது. போய்ச் சேர்ந்ததோ வேறு இடம்!

சித்தி மகளின் விண்ணப்பத்தைக் காப்பாற்றியதும் \ குறியைத் திருத்தும் இதே பழக்கம்தான் என்பதைக் கவனியுங்கள்.

எண்களிலும் இந்த வேலை உண்டு. ஒவ்வொரு கணினியும் தன்னைத் தானே அழைக்க 127.0.0.1 என்ற எண் முகவரியைப் பயன்படுத்துகிறது. அதை 127.1 என்று சுருக்கியும், 2130706433 என்று ஒரே எண்ணாகவும், 0177.0.0.1 என்றும் எழுதலாம். பழைய யூனிக்ஸ் காலத்து வழக்கப்படி முன்னால் சுழியம் இருந்தால் அது எட்டின் அடிமான எண். அந்தக் கணக்கில் 177 என்பது 127. "127.0.0.1-க்குப் போகக் கூடாது" என்று ஒரு நிரல் தடை போட்டிருந்தாலும், மற்ற வடிவங்கள் அதன் கண்ணில் படாமல் நழுவிவிடக்கூடும்.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2017-ல் தைவானைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஆரஞ்ச் சாய், பல நிரல் மொழிகளின் முகவரி லைப்ரரிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதை பிளாக் ஹாட் மாநாட்டில் செய்து காட்டினார். 2021 டிசம்பரில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட லாக்4ஜே பாதுகாப்புக் குறைபாடு நினைவிருக்கிறதா? அதை அடைக்க முதலில் வந்த திருத்தம், தன் கணினியைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது என்று தடை போட்டது. 127.0.0.1 என்று எழுதி, பக்கத்தில் # குறி இட்டு, அதன் பின்னால் வெளித் தளத்தின் பெயரைச் சேர்த்து அந்தத் தடையைத் தாண்டினார்கள். சரிபார்த்த நிரல் # குறியோடு நிறுத்திக்கொண்டது. எடுத்துவரப் போன நிரல் முழுவதையும் தளத்தின் பெயராகப் படித்தது. அடுத்த திருத்தத்தில் அந்த வசதியையே முடக்க வேண்டியதாயிற்று.

2022 ஜனவரியில் கிளாரோட்டி, ஸ்னிக் ஆகிய நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 16 லைப்ரரிகளை ஒப்பிட்டு, இந்த வகையில் 8 பாதுகாப்புக் குறைபாடுகளைக் கண்டறிந்தார்கள்.

அப்படியென்றால் கண்டிப்பாக இருந்துவிடலாமே?

கேட்க எளிது. ஆனால் விதியை மீறிய எல்லா முகவரியையும் நாளையிலிருந்து நிராகரித்தால், பழைய பக்கங்களிலும் பழைய பிடிஎஃப் அறிவிப்புகளிலும் இருக்கும் ஏராளமான லிங்க்குகள் ஒரே நாளில் செத்துவிடும். பாதிக்கப்படுவது தவறாகத் தட்டச்சு செய்தவர் அல்ல. கடைசி நாளில் ஃபார்ம் போட வந்தவர்.

இதற்கு நடுவழி கண்டது வாட்-டபிள்யூஜி என்ற குழு. 2004-ல் ஆப்பிள், மொசில்லா, ஓபரா நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் தொடங்கியது இது. இவர்களின் யூஆர்எல் தரநிலை இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்கிறது. ஒன்று, முகவரியை எழுதுபவர் எப்படி எழுத வேண்டும். இதில் கண்டிப்பு உண்டு. \ குறி இங்கேயும் தவறுதான். இரண்டாவது, தவறாக எழுதப்பட்டது கைக்கு வந்தால், படிக்கும் நிரல் என்ன செய்ய வேண்டும். ஓரத்து இடைவெளியை வெட்டு, உள்ளே இருக்கும் வரி உடைப்பை நீக்கு, \ குறியை / ஆக்கு, தளத்தின் பெயருக்குள் இடைவெளி இருந்தால் நிராகரி என்று படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது மன்னிப்பதற்கும் ஒரு விதி! எல்லோரும் ஒரே மாதிரி மன்னித்தால், இரண்டு தபால்காரர்கள் இரண்டு வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

எல்லா லைப்ரரியும் இதற்கு மாறிவிட்டதா? இல்லை. நோட் ஜேஎஸ் இந்தத் தரநிலைப்படி புதிய வசதியைத் தந்தது. பழைய நிரல்கள் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத் தன் பழைய பார்சரையும் விட்டு வைத்தது. ஆனால் நம்பகமில்லாத இடத்திலிருந்து வரும் முகவரிகளுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று தன் ஆவணத்திலேயே எச்சரிக்கிறது. கர்ல் என்ற புகழ்பெற்ற மென்பொருள் ஆர்எஃப்சி 3986-ஐ அடிப்படையாக வைத்துக்கொண்டு, சாய்கோடு ஒன்று முதல் மூன்று வரை இருந்தால் பொறுத்துக்கொள்கிறது. எண் முகவரியில் முன்சுழியம் வந்தால் கண்டுகொள்ளாமல் இருந்த பைதான் லைப்ரரி, 2021-ல் அதை நிராகரிக்கத் தொடங்கியது. போஸ்டல் சொன்ன தாராளத்துக்கும் எல்லை வேண்டும் என்று விளக்கி, 2023-ல் ஆர்எஃப்சி 9413 என்ற ஆவணமும் வெளிவந்தது.

ஆப் உருவாக்கும் இளைஞர்கள் இதைப் படித்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை: முகவரியை ஒரே லைப்ரரியால் ஒரே ஒரு முறை பிரியுங்கள். சரிபார்க்கவும் எடுத்துவரவும் அந்த முடிவையே பயன்படுத்துங்கள். ஒன்றால் சரிபார்த்து, இன்னொன்றால் திறக்காதீர்கள்.

தமிழ் முகவரியில் கூடுதல் கவனம்

தமிழ்ப் பக்கத்தின் லிங்க்கைப் பகிர்ந்தால் நீளமாக % குறிகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய விதிப்படி முகவரிக்குள் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும்தான் வரலாம். அதனால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பைட்டும் % குறியோடு மூன்று எழுத்தாகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் கணினிக் கணக்கில் 5 குறியீடுகள். முகவரியில் அது 45 எழுத்தாகிவிடும். பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வைரஸ் இல்லை.

இன்னொரு நுணுக்கம்: 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பக்கத்தின் பெயரில் அவை வந்தால் இரண்டும் வேறு வேறு முகவரி! ஒன்று திறக்கும், மற்றது 'பக்கம் இல்லை' என்று சொல்லக்கூடும். தமிழில் பக்கப் பெயர் வைக்கும் அலுவலர்கள் இதைச் சோதித்துவிடுவது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

லைப்ரரிகளை நாம் மாற்ற முடியாது. ஆனால் நாமும் ஒரு பார்சராக மாறலாம். இதற்குத் தேவை பத்து நொடிதான்.

1. :// முடிந்த இடத்திலிருந்து அடுத்து வரும் முதல் /, ? அல்லது # குறி வரை மட்டும் பாருங்கள். அதுதான் தளம். அதற்குப் பின்னால் எவ்வளவு அழகான பெயர் இருந்தாலும் கணக்கில் இல்லை.

2. அந்தப் பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். தமிழ்நாடு அரசின் தளங்கள் பெரும்பாலும் 'டிஎன்.கவ்.இன்' அல்லது 'கவ்.இன்' என்று முடியும். 'கவ்.இன்' முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படும். 'டிஎன்.கவ்.இன்.கட்டணம்.காம்' என்று இருந்தால் அதன் உரிமையாளர் 'கட்டணம்.காம்'. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடு போட்டு 'டிஎன்-கவ்.இன்' என்று வந்தாலும் அது அரசுத் தளம் அல்ல.

3. ஐஆர்சிடிசி போன்ற சில பொதுச் சேவைத் தளங்கள் 'கவ்.இன்' என்று முடிவதில்லை. அப்படிப்பட்ட தளங்களின் முகவரியைத் துறையின் அதிகாரப்பூர்வ அறிவிப்பில் ஒரு முறை பார்த்து, போனில் புக்மார்க் செய்துகொள்ளுங்கள்.

4. தளப் பகுதியில் @ அல்லது \ இருந்தால் தொடாதீர்கள். 'டிஎன்.கவ்.இன்@' என்று தொடங்கினால், @ குறிக்குப் பின்னால் இருப்பதுதான் உண்மையான தளம். இப்படி நடக்கும் ஏமாற்றைத் தடுக்கவே 2004-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரில் இந்த வசதியை மைக்ரோசாஃப்ட் நீக்கியது.

5. பூட்டுப் படம் இருந்தால் அரசுத் தளம் என்று அர்த்தமில்லை. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் நடக்கும் பரிமாற்றத்தை வேறு யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே அர்த்தம். மோசடித் தளமும் பூட்டு வாங்கலாம்.

6. பேஸ்ட் செய்த முகவரியில் இடைவெளி இருந்தால், பிரவுசர் அதைத் தேடுசொல்லாக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது மேலே வரும் விளம்பரத்தை அரசுத் தளம் என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள். இடைவெளியை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

குரூப்பில் அறிவிப்பு போடுபவர்கள், இ-சேவை மைய நண்பர்கள், சங்கப் பொறுப்பாளர்கள் கவனத்துக்கு: லிங்க்கைக் கையால் அடிக்காமல், பிரவுசரின் முகவரிப் பட்டையிலிருந்து காப்பி செய்து ஒட்டுங்கள். லிங்க்குக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடுங்கள். ஒட்டியபடி முற்றுப்புள்ளி வைக்க வேண்டாம். அனுப்பும் முன் வேறொரு போனில் தொட்டுப் பாருங்கள். நீங்கள் சரியாக எழுதிய லிங்க்கே வழக்கமாகிவிட்டால், கோணல் லிங்க் வரும்போது மக்களுக்குச் சட்டென்று சந்தேகம் வரும்.

ஒருவேளை தவறான லிங்க்கைத் தொட்டுப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. 'சைபர்கிரைம்.கவ்.இன்' தளத்திலும் புகார் தரலாம். பணம் போகவில்லை, சந்தேகச் செய்தி மட்டும் வந்திருக்கிறது என்றால், சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம்.

சித்தி மகள் இப்போதெல்லாம் லிங்க் வந்தால் எனக்கு போன் செய்வதில்லை. "வலது பக்கத்துல இருந்து படிச்சேன்க்கா, கவ்.இன்-னுதான் முடியுது, சரியா?" என்று மெசேஜ் மட்டும் வருகிறது. நீங்களும் இன்று வந்த லிங்க் ஒன்றை எடுத்து, தொடாமல், ஒரு முறை அப்படிப் படித்துப் பாருங்களேன்.